செவா மக்களின் முகமூடி ஆட்டம்: பேணப்பட வேண்டியது எது?

மலாவி, சாம்பியா, மொசாம்பிக் ஆகிய மூன்று ஆபிரிக்க நாடுகளிலும் பரந்து வாழும் செவா மக்களின் முகமூடி ஆட்டம் 'குலே வம்குலு' எனப்படும். 'பேராட்டம்' என்பது இதன் பொருள். ஞாவு எனும் ஆடவர் மறைகுழுவே இதனை நிகழ்த்துகின்றது. யுனெஸ்கோ நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தை மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பிரகடனஞ் செய்து, 2008 இல் தனது பட்டியலிற் சேர்த்தது. இவ்வாறு உலகப் பொதுவாக்கப்பட்ட ஆட்டத்தில் உண்மையிற் பேணப்பட வேண்டியது எது என்பது ஆராயற்பாலது.

எந்த ஆட்டமும் தனது சமூக அடித்தளத்தினின்றும் பிரித்து நோக்கப்படல் ஆகாது. செவா மக்கள் தாய்வழி உரிமை பேணும் வேளாண் சமூகத்தினர். மணம் முடித்த ஆண் மரபுப்படி மனைவியின் ஊரிலேயே வாழ்வான். பிள்ளைகள் மீதான அதிகாரமோ தாய்மாமனிடமே இருந்தது. வந்தேறியாக வாழ்ந்த அவ்வாடவருக்கு ஊர் எல்லை கடந்த ஒற்றுமையையும் மதிப்பையும் ஞாவுக் குழு வழங்கிற்று. அறுவடைக்குப் பின்னரும், திருமணம், இறப்பு, தலைவர் பதவியேற்பு ஆகிய வேளைகளிலும் ஆட்டம் நிகழும். முகமூடி தரித்தவன் அவ்வேளையில் மனிதனாகக் கருதப்படான். முன்னோர் ஆவியாகவோ காட்டு விலங்காகவோ கொள்ளப்படுவான்.

இம்மரபு மாறாது உறைந்து நின்றதன்று. அடிமை வாணிபத்தின் கொடுமையை அனுபவித்த மக்கள், அடிமை வணிகனையும் முகமூடியாக்கினர். 1889 இல் இடச்சுச் சீர்திருத்தத் திருச்சபையினரும், 1902 இல் முவாவில் 'வெள்ளைத் தந்தையர்' எனப்பட்ட கத்தோலிக்கக் குருமாரும் நிலையம் அமைத்தனர். மிசனரிமார் இவ்வாட்டத்தை ஒழிக்க முயன்றனர். மிசன் பாடசாலைக்கும் ஞாவுக் குழுவுக்குமிடையே சிறுவர்களை முன்னிட்டுப் பூசல் மூண்டது. செவந்த முகமுடைய வெள்ளையனான 'சிமோனி', கன்னி மரியாளை ஒத்த 'மரியா' ஆகிய பாத்திரங்கள் அரங்கேறின. ஆள வந்தோரை ஆடுகளத்தில் எள்ளி நகையாடியமை எதிர்ப்பின் ஒரு வடிவமே எனலாம். பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளும் ஹெலிகொப்டரும்கூட ஆட்டத்துட் புகுந்தன.

பேணும் முயற்சிகள் பலவாகும். மிசனரி எதிர்ப்பின் களமாயிருந்த அதே முவாவில், வெள்ளைத் தந்தையர் சபையைச் சேர்ந்த குளோட் பூஷே 1976 இல் குங்கோனிப் பண்பாட்டு நிலையத்தை நிறுவினார் என்பது வரலாற்றின் முரண். அங்குள்ள சமாரே அருங்காட்சியகம் முகமூடிகளைச் சேகரித்து வைத்துள்ளது. ஞாவு மரபோடு தொடர்புடைய வெண்ணிற ஓவியங்களையும் கொண்ட சொங்கோனிப் பாறை ஓவியப் பகுதி 2006 இல் உலக மரபுரிமையாயிற்று.

இம்முயற்சிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் புல்லாலும் மரத்தாலும் ஆன உருவங்கள் கண்ணாடிப் பேழைக்கென ஆக்கப்பட்டவை அல்ல. உல்லாசப் பயணிகளுக்கான கேளிக்கையாகவும் அரசியல் மேடைக்கான அலங்காரமாகவும் ஆட்டம் சுருக்கப்படுவதை யுனெஸ்கோவே சுட்டியுள்ளது. அங்கு முகமூடி எஞ்சலாம். ஆனால் ஊராரைத் திருத்தவும் அதிகாரத்தைப் பழிக்கவும் அதற்கிருந்த ஆற்றல் எஞ்சாது.

ஆதலின், பேணப்பட வேண்டியது முகமூடிகளின் தொகை மட்டுமன்று. தம்மை ஒடுக்குவோன் எவனாயினும் அவனுக்கொரு புதிய முகமூடி செதுக்கும் உரிமை அம்மக்கள் கையிலேயே இருத்தல் வேண்டும். அவ்வுரிமை உள்ளவரையுமே பேராட்டம் உயிருடன் வாழும்.