ரிசால் முதலில் கேட்டது நீதி

1888இல் லண்டனுக்கு வந்து சேர்ந்த பிலிப்பைன்ஸ்காரர் ஹோசே ரிசால் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பு அறையில் ஒரு பழைய ஸ்பானியப் புத்தகத்தைக் கையால் படியெடுத்தார். மணிலாவில் உயர் பதவி வகித்த அந்தோனியோ தெ மோர்கா எழுதி, 1609இல் மெக்சிகோவில் அச்சான பிலிப்பைன்ஸ் வரலாறு அது. ரிசாலுக்கு அப்போது 27 வயது. கண் மருத்துவர், ஓராண்டுக்கு முன் வெளியான ‘நோலி மீ டாங்கெரே’ நாவலால் பாதிரிமார்களின் பகையைச் சம்பாதித்தவர். அவரைப்போல் ஒருவர் அடுத்த நாவலில் இறங்குவதுதான் இயல்பு. அவரோ, வேறொருவர் எழுதிய நூலுக்கு அடிக்குறிப்பு எழுத உட்கார்ந்தார்.

ஸ்பெயின் வருமுன் இந்தத் தீவுகளில் சொல்லத்தக்க வாழ்க்கை ஏதுமில்லை என்று மூன்று நூற்றாண்டுகளாக அவருடைய மக்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அதை மறுக்க ஒரு ஸ்பானியரின் சாட்சியமே வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி துறவியாக இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. மோர்கா அதற்குப் பொருந்தினார்.

1890இல் பாரிசில் வெளிவந்த அந்தப் பதிப்பின் குறிப்புகளில் ரிசாலின் குணம் முழுதும் தெரிகிறது. இந்த மக்கள் மீன் அழுகத் தொடங்கிய பிறகே அதை விரும்பி உண்பார்கள் என்று மோர்கா ஓரிடத்தில் எழுதிப் போகிறார். ரிசால் அங்கே நிற்கிறார். தமக்குப் பழக்கமில்லாத உணவைக் கண்டு முகம் சுளிப்பது எல்லா நாட்டாருக்கும் உள்ளதுதான் என்கிறார். மோர்கா சொல்வது உப்பிட்டுப் பக்குவப்படுத்தும் ‘பகோங்’. தின்று பார்த்தவர்களுக்கு அது அழுகியதல்ல என்று தெரியும் என்று விளக்குகிறார். ஒரு வீட்டுச் சமையலுக்காக ஒரு வரலாற்றாசிரியரோடு வழக்காடிய இந்தக் குறிப்பைச் சின்ன விஷயமென்று தள்ளிவிடக் கூடாது. ஒரு மக்கள் கூட்டத்தை இழிவாகப் பேசுவது பெரும்பாலும் அதன் சாப்பாட்டுத் தட்டில்தான் தொடங்குகிறது. வேறோரிடத்தில், பெரிய கப்பல்களைக் கட்டிய இந்தத் தீவுகளின் தச்சுத் திறம் தம் காலத்தில் அழிந்துபோனதற்காக வருந்துகிறார்.

அந்தப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் நண்பர் பெர்டினாண்ட் புளூமென்ட்ரிட். உழைப்பைப் பாராட்டிய கையோடு, பழங்காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கிறார் என்று குறையும் சொன்னார். அந்தக் குறை உண்மைதான். ரிசால் காட்டும் பொற்காலம் சில இடங்களில் மிகையாகவே மின்னுகிறது. ஆனால் தன் நூலின் வாசலிலேயே அந்த மறுப்பை ரிசால் அச்சிட்டுக் கொடுத்தாரே, அந்த நேர்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஸ்பானிய ஆட்சியில் ‘பிலிப்பினோ’ என்றால் பெரும்பாலும் தீவுகளில் பிறந்த ஸ்பானியர். மண்ணின் மக்கள் ‘இந்தியோ’க்கள். ரிசாலும் அவர் தோழர்களும் முதல் சொல்லை எல்லோருக்கும் உரியதாக்கினார்கள். அந்த ‘எல்லோரும்’ யார் என்பதற்கு 1887இல் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு மாட்ரிட்டில் நடந்த பிலிப்பைன்ஸ் கண்காட்சியில் மலைநாட்டு இகோரோட்டுகள் உள்ளிட்டோரைப் பார்வைப் பொருளாக நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் அங்கேயே இறந்துபோனார்கள். படித்த மணிலா இளைஞன் ஒருவன் ‘அவர்கள் வேறு, நாங்கள் வேறு’ என்று விலகி நின்றிருக்கலாம். ரிசால் அதைத் தம் மக்களுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டு கடிதங்களில் கொதித்தார்.

அந்தக் கொதிப்பின் வேர் கலம்பாவில் இருக்கிறது. 1861 ஜூன் 19இல் அந்த ஊரில், டொமினிக்கன் சபையின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட குடும்பத்தில் அவர் பிறந்தார். பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, உறவுப் பெண்ணுக்கு நஞ்சு வைக்க முயன்றதாகப் பொய்க்குற்றம் சாட்டி அவருடைய தாய் தியோடோரா அலோன்சோவைப் பிடித்தார்கள். சாந்தா குரூஸ் வரை நடக்கவைத்தே கொண்டுபோனார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. ஏறக்குறைய அதே காலத்தில், 1872 பிப்ரவரி 17இல், கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லி மணிலாவில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். 1888இல் கலம்பாக் குத்தகைதாரர்கள் தம் குறைகளை அரசுக்கு எழுதிக் கொடுத்தபோது அந்த மனுவை உருவாக்கியவர் ரிசால். சபையோடு வழக்கு மூண்டு நீண்டது. கடைசியில் கவர்னர் ஜெனரல் வெய்லர் படையை அனுப்பிக் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார். அண்ணன் பாசியானோவை மிந்தோரோவுக்கு நாடு கடத்தினார்.

ஆகவே நீதி என்பது அவருக்கு ஏட்டுக் கருத்தாக இருந்ததில்லை. ‘நோலி’யில் திருட்டுப் பழி சுமத்தப்பட்டுக் காணாமல் போகும் சிறுவன் கிறிஸ்பினையும், பிள்ளைகளைத் தேடித் தேடிப் பித்தாகும் தாய் சீசாவையும் படைத்த கைக்குப் பின்னால் அந்தச் சிறைவாசம் இருக்கிறது. 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அச்சான ‘எல் ஃபிலிபஸ்டெரிஸ்மோ’வில், காடு வெட்டித் திருத்திய வயலைத் துறவியர் சபையிடம் பறிகொடுக்கும் தாலெஸ் வருகிறான். கலம்பாக்காரர்களுக்கு அவன் அண்டை வீட்டுக்காரன்.

சோம்பல் பற்றிய கட்டுரையிலும் இதே கண்தான். பிலிப்பினோக்கள் சோம்பேறிகள் என்பது அன்றைய ஆட்சியாளரின் வாய்ப்பாடு. 1890இல் ‘லா சொலிடாரிடாட்’ இதழில் எழுதிய ரிசால், சோம்பல் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு அதன் காரணத்துக்குப் போகிறார். சீனத்தோடு வணிகம் செய்த மக்களைக் கப்பல் கட்டும் கட்டாய வேலையும் ஓயாத போர்களும் சிதைத்தன. கடற்கொள்ளையர் வந்தால் காத்துக்கொள்ள ஆயுதமும் மறுக்கப்பட்டது. விளைச்சல் தனக்குத்தான் என்ற உறுதி இல்லாத உழவன் எதற்கு விதைப்பான்? ஆட்சியின் விளைவையே ஆட்சிக்குக் காரணமாகக் காட்டிய மோசடியை அவர் இப்படித்தான் பிரித்துக் காட்டினார்.

விடுதலை பற்றிய அவர் நிலைதான் இன்றும் வாதத்துக்கு உரியது. ஸ்பானிய நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம், பத்திரிகைச் சுதந்திரம், சட்டத்தின் முன் சமத்துவம் என்று கேட்டார். மறுத்தால் பிரிவு தவிர்க்க முடியாதது என்றும், அப்போது அமெரிக்கா இத்தீவுகள்மேல் கண் வைக்கக்கூடும் என்றும் எழுதினார். 1898இல் அமெரிக்கா வந்தே விட்டது. மனமும் விடுபட வேண்டும் என்று அவர் நினைத்தார். மலோலோஸ் ஊர்ப் பெண்கள் ஸ்பானியம் கற்க இரவுப் பள்ளி கேட்டுப் போராடியபோது, 1889இல் அவர்களுக்குத் தகாலோக் மொழியில் கடிதம் எழுதினார். குருமார் சொன்னதையெல்லாம் கண்ணை மூடி நம்பும் தாய், நிமிர்ந்து நிற்கும் பிள்ளையை வளர்க்க முடியாது என்பது அதன் சாரம்.

1892 ஜூலை 3இல் மணிலாவில் ‘லா லீகா பிலிப்பினா’ சங்கத்தைத் தொடங்கினார். மூன்றே நாளில் கைது. மிண்டனாவோவின் தபித்தானுக்கு நாடு கடத்தல். நான்கு ஆண்டுகள் அங்கே பள்ளி நடத்தினார், கண் நோய்க்கு மருத்துவம் பார்த்தார், ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். லீகாவில் சேர்ந்திருந்த ஆண்ட்ரெஸ் போனிபாசியோவோ கத்திபுனான் என்ற புரட்சி இயக்கத்தைக் கட்டினார். 1896இல் அவர் தூதர் வந்து கிளர்ச்சிக்கு ஆதரவு கேட்டபோது, ஆயத்தமில்லாத எழுச்சியை ரிசால் ஏற்கவில்லை. கிளர்ச்சி வெடித்தபின் அவரும் சிறைப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கிருந்து எழுதிய அறிக்கையில் கிளர்ச்சியைக் கண்டிக்கவும் செய்தார். இதை அவருடைய வர்க்கத் தயக்கம் என்றே பிற்கால அறிஞர் ரெனாட்டோ கான்ஸ்டண்டினோ கண்டார். அந்த விமர்சனத்தில் வலு இருக்கிறது. ஆனால் அஞ்சியவராக மட்டும் அவரைக் காண முடியவில்லை. ‘எல் ஃபிலிபஸ்டெரிஸ்மோ’வில் வெடிகுண்டு வைக்கும் சிமோன் தோற்பது துணிவு போதாமல் அல்ல. மக்களை மேலும் கெடுத்து, அதன்மூலம் அவர்களைக் கிளர்ந்தெழச் செய்ய நினைத்ததே அவன் தோல்வி. அடிமைத்தனத்தில் பழகியவர்கள் அதிகாரம் கிடைத்ததும் பழைய எஜமானரைப் போலவே நடந்துகொள்வார்களோ என்ற அச்சம் ரிசாலை விட்டுப் போகவே இல்லை.

டிசம்பர் 26இல் இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. வழக்கறிஞராக ஓர் இராணுவ அதிகாரியைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடிந்தது. 30ஆம் தேதி காலை, அந்த மூன்று பாதிரியார்கள் மாண்ட அதே பாகும்பயான் திடலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

சுதந்திர பிலிப்பைன்ஸிலும் ரிசாலின் நாவல்களுக்கு எதிர்ப்பு ஓயவில்லை. 1956இல் செனட்டர் கிளாரோ ரெக்டோ அவற்றைப் பாடமாக்கக் கோரியபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. நீண்ட விவாதத்துக்குப் பின் அவ்வாண்டு ஜூன் 12இல் குடியரசுச் சட்டம் 1425 நிறைவேறியது. சமய நம்பிக்கை காரணமாக விலக்குக் கோர மாணவருக்கு அதில் வழி உண்டு. ஆனால் கல்லூரிகள் ஒரு வரியும் வெட்டப்படாத மூலப் பதிப்பையோ அதன் மொழிபெயர்ப்பையோ பாடநூலாக வைக்க வேண்டும்.