வடவம் காய்ந்த மாடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் சமையலறையைப் பார்ப்பவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைப்பார்கள். வாரம் முழுமைக்குமான காய் நறுக்கி டப்பாக்களில் அடைபடும். சுண்டலுக்குக் கடலை ஊறும். ஒரு டப்பாவில் பாஸ்தாவுக்கான தக்காளிச் சாறு. இன்னொன்றில் மகளின் ஃபிரைட் ரைஸுக்கு வடித்து ஆறவைத்த சோறு. திங்கள் காலை நான் வளவனூரில் பேருந்து ஏறியாக வேண்டும். இதற்கு ‘மீல் பிரெப்’ என்று பெயர் என மாணவிகள்தான் சொன்னார்கள். வெளிநாட்டுப் பெண்கள் கைபேசியில் கற்றுத்தரும் புதுப் பழக்கம் என்பது அவர்கள் எண்ணம். என் ஆயா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவள் வருஷம் முழுமைக்கும் முன்கூட்டியே தயார் செய்து வைத்தவள்.

பங்குனி வெயில் ஏறியதும் எங்கள் தெருவில் வடவம் போடுவார்கள். எழுத்தில் வடகம், எங்கள் வாயில் வடவம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து பாயில் பரப்புவார்கள். பொழுது சாய்ந்ததும் அள்ளிப் பானைக்குள் போட்டு மூடி, காலையில் மறுபடி பரப்புவார்கள். ஈரம் சுண்டியதும் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிப்பார்கள். அதற்குப் பிறகும் பத்து நாள் வெயில். ஆடியிலும் ஐப்பசி மழையிலும் காய் கிடைக்காத நாளில் அந்த உருண்டையில் ஒரு கிள்ளு போதும். கருவாட்டுக் குழம்போ கீரைக் கடைசலோ, தாளித்த வாசனை தெருமுனை வரை வரும்.

இந்த மண்ணில் பெண் கை சமைத்ததற்கு எழுத்துச் சான்று பழையது. திண்டிவனத்தைச் சுற்றியிருந்த ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை; பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழியெல்லாம் வெவ்வேறு சாப்பாடு கிடைக்கிறது. எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த கள்ளும் சுட்ட மீனும். வேலூரில் எயிற்றி சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். ஒரே நாட்டுக்குள் மூன்று நிலத்துச் சமையல். பரீட்சைக்கு நாங்கள் இதை ‘விருந்தோம்பல்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் மறக்காதது, ஆமூரில் அரிசி குத்திக் குத்தித் தேய்ந்துபோன உலக்கையின் பூண். இரும்பு தேயும் அளவுக்குக் குத்தியவள் யாரென்று பாட்டு சொல்லவில்லை. அதே பாட்டில் பசித்த வீட்டுக் கிணைமகள் ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம்பேசுவோர் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். எந்தச் சமையல் புத்தகத்திலும் அந்தக் கீரை ஏறியதில்லை.

வடவத்தின் கதைக்கு வருகிறேன். வளவனூரிலிருந்து கிழக்கே போனால் புதுச்சேரி. 1954 வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே 1879-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தில் வளவனூர் ஒரு நிறுத்தம். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் மணிலாக்கொட்டை தென்னாற்காட்டுக் காடுகளிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. தென் அமெரிக்காவில் பிறந்து, பெயரில் மணிலாவைச் சுமந்துகொண்டு இங்கே வந்த பயிர் அது. அதைப் பிடுங்கி, ஆய்ந்து, உடைத்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. சைகோனுக்கு வேலைக்குப் போன புதுச்சேரிக் குடும்பங்கள் திரும்பி வந்தபோது வியட்நாமின் ‘நெம்’ வந்தது. இன்றும் அங்கே சில வீடுகளில் பண்டிகைக்குப் பொரிக்கிறார்கள். வெவ்வேறு நாட்டுச் சமையல் எங்கள் பக்கத்துக்கு இணையம் கொண்டுவந்து சேர்த்ததில்லை.

எங்கள் வடவம் எதிர்த்திசையில் போனது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது ‘வதுவான்’ ஆனது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் சமயத்தில் அமெரிக்க உணவகங்களிலும் பத்திரிகைகளிலும் அது பெரிய மோஸ்தர். வெங்காயத்தை அடுப்பில் வறுத்து, விளக்கெண்ணெயை விட்டுவிட்டு, பொடியாகப் புட்டியில் அடைத்தார்கள். அறிமுகம் செய்தவர்களில் பலர் ‘பிரெஞ்சு கறிப்பொடி’ என்றே எழுதினார்கள். பண்டம் ஊர் ஊராகப் போவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மிளகாய் இங்கே வரவில்லையா? ஆனால் மிளகாய்க்கு யாரும் ‘தமிழ்க் காய்’ என்று பெயர் வைக்கவில்லை.

எழுதி வைத்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று சொல்வார்கள். எழுதியவர் ஒருவர் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ நூலைத் தாமே வெளியிட்டார். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். பிராமணக் கைம்பெண்களுக்கு வெங்காயமும் பூண்டும் விலக்கு, இரவுச் சோறு விலக்கு என்றிருந்த ஒரு சமூகத்திலிருந்து, பிறர் ருசிக்காகப் பெண் எழுதிய அளவுகள் அவை. கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு கொடுக்கும் புத்தகமாகவே அது ஆனது. அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அது ஒரு சாதியின் சைவ அடுப்பு. ‘தமிழ்ச் சமையல்’ என்று நெடுங்காலம் அச்சில் நின்றது அந்த அடுப்புதான். கருவாடும் நத்தையும் எங்கள் வடவமும் வாய்மொழியிலேயே கிடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயாவுக்குப் பதிப்பகம் எங்கே கிடைக்கும்?

ஆயாவைப் பெருமையாகவே சொல்லி முடிக்கவும் முடியவில்லை. வடவம் காயும் நாளில் ‘தூரமான’ பெண் மாடிப்படி ஏறக் கூடாது. ஏறினால் பூசணம் பிடித்துவிடும் என்பாள். பதின்மூன்று வயதில் அந்தப் படியின் அடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். வெங்காயம் உரித்து இரண்டு நாள் கண் எரிந்த என் சித்திக்கு, கடைசியில் உருண்டை பிடிக்க அனுமதி இல்லை. ஆண்கள் யாரும் ஒரு பல் பூண்டு உரித்து நான் பார்த்ததில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களை நான்தான் கழுவுகிறேன். என் கணவர் நறுக்குவார். எதை நறுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும்.

போன சித்திரையில் அம்மாவை உட்கார வைத்து வடவம் போட்டேன். விலக்கு நாள்தான், சொல்லிவிட்டேதான் மாடி ஏறினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தராசு வைத்து நிறுத்து, ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். ஐந்து கிலோ வெங்காயம், ஒரு கிலோ பூண்டு, கடுகும் உளுந்தும் கால் கால் கிலோ. உப்புக்கு மட்டும் அளவு எழுத முடியவில்லை. கலவையில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த அம்மா, “இன்னும் கொஞ்சம் போடு” என்றாள். பூசணம் பிடிக்கவில்லை. பாதி உருண்டையை மகள் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனாள். அங்கே நூடுல்ஸில் தாளித்துப் போட்டார்களாம்.