கோடி வேட்டியும் ஆயாவின் நீராகாரமும்

எங்கள் பள்ளிகொண்டாவில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் வேட்டி வேண்டும். இப்போது கடையிலேயே சாயம் போட்டது கிடைக்கிறது. அறுபதுகளில் வீட்டில்தான் நனைப்பார்கள். குடியாத்தத்தில் வாங்கி வந்த கோடி வேட்டியை எங்கள் ஆயா நேரே மஞ்சள் தண்ணீரில் போட்டுவிட மாட்டார். ஒரு பானைத் தண்ணீரில் இரண்டு கரண்டி பழைய நீராகாரத்தை ஊற்றி, வேட்டியை அதில் அமுக்கி இரண்டு ராத்திரி மூடி வைப்பார். மூன்றாம் நாள் திறந்தால் புளித்த நாற்றம் வரும். "கஞ்சி கழண்டுச்சா பாரு. கழண்டாதான் மஞ்ச ஒரே சீரா புடிக்கும்" என்பார். அந்தத் தண்ணீர் கொல்லையில் இருந்த முருங்கைக்குப் போகும்.

பின்னாளில் நான் பிழைத்தது துணிச் சாயத் தொழிலில். 1976-ல் ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். ஆயா செய்தது என்ன என்று எனக்கு விளங்கவே பல வருஷம் ஆயிற்று.

தறியில் ஏற்றும் பாவு நூல் அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். நெய்து இறக்கிய காடாத் துணியில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். அதற்கு அடியில் பருத்தியோடு பிறந்த மெழுகும் பெக்டின் என்ற பசையும் இருக்கும். காடாத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உள்ளே இறங்காமல் முத்து மாதிரி நிற்கும். தண்ணீரே இறங்காத துணியில் சாயம் எப்படி இறங்கும்? ஆகவே கஞ்சியை எடுக்க வேண்டும், மெழுகை எடுக்க வேண்டும், பிறகு வெளுக்க வேண்டும். சாயம் அதற்குப் பிறகுதான்.

ஆயாவின் பானையில் கஞ்சியைக் கரைத்தவை நுண்ணுயிர்கள் சுரந்த நொதிகள். என்சைம் என்றால் எல்லோருக்கும் தெரியும். கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் கெட்டிப்படாமல் நீர்த்துப் போகிறதே, அதுவும் இதே வேலைதான். முளைத்த பார்லியிலிருந்து இந்தப் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர். ஆண்டு 1833. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணி ஆலைகள் முளைப்பயிர்ச் சாற்றை வாங்கிக் கஞ்சி எடுக்கப் பயன்படுத்தின. அதற்கு முன்பு அங்கேயும் துணியை ஊறப்போட்டுப் புளிக்க விடுவதுதான் வழக்கம். ஆயா செய்த அதே வேலை!

வெளுப்பதற்கு வெயிலும் நேரமும் வேண்டியிருந்தது. நம் ஊர்களில் உவர்மண் கரைசலில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, ஆற்று மணலில் உலர்த்தினார்கள். பாலாற்று மணலில் வரிசையாக வேட்டி காய்ந்ததைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். ஐரோப்பாவில் புல்வெளியில் விரித்து, புளித்த மோரில் ஊறவைத்து, மாதக்கணக்கில் வெளுத்தார்கள். 1785-ல் பெர்தொலே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குளோரினால் துணியை வெளுக்கலாம் என்று காட்டினார். 1799-ல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிந்தது. காஸ்டிக் சோடாவும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு புளிக்க விட்டுக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பட்டறையில் இந்த முறைதான். கியர் என்ற பெரிய இரும்புக் கலத்தில் துணியை அடுக்கி, காஸ்டிக் கரைசலில் மணிக்கணக்காகக் கொதிக்க விடுவோம். பிறகு பிளீச்சிங், பிறகு அமிலத்தில் நனைப்பது, நடுநடுவே அலசல். பின்னால் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்தது. அது துணியில் மிச்சம் இருந்தால் சாயத்தைத் தின்றுவிடும், துணி திட்டுத்திட்டாக வரும். அதைப் போக்க இன்னும் இரண்டு மூன்று அலசல். எல்லாத் தண்ணீரும் வாய்க்காலுக்குத்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு விற்பனைப் பிரதிநிதி கேட்டலேஸ் என்ற நொதியைக் கொண்டுவந்தார். புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கிறதே, நம் ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ்தான் அதற்குக் காரணம். பெராக்சைடை அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். ஒரு பேட்ச் போட்டுப் பார்த்தேன். இரண்டு அலசல் மிச்சம், சாயமும் சீராகப் பிடித்தது. சந்தோஷமாக முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தண்ணி சும்மாத்தானுங்க வருது. இதுக்கெதுக்குக் காசு?" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

நம் வேலூர்ப் பக்கத்துக் கதையும் இதுதான். தோலை மென்மையாக்க ஐரோப்பாவில் நாய் மலத்தையும் பறவை எச்சத்தையும் கரைத்து ஊறவைத்த காலம் ஒன்று உண்டு. 1907-ல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு அதே வேலையைச் செய்து, ஓரோப்பான் என்ற பெயரில் விற்றார். சுண்ணாம்பும் சல்பைடும் குறைய, முடி நீக்கவும் நொதி பயன்படும் என்று 1948-ல் தொடங்கிய அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்து சொன்னது. ஆனாலும் பாலாறு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்திய தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

வாணியம்பாடிப் பக்கம் எங்கள் அத்தை வீட்டுக் கிணறு அதற்கு முன்பே உப்பாகிவிட்டது. ஒரு தடவை லீவில் போயிருந்தபோது டீ போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை. தோல் ஷாப்புக்காரர்களை நான் திட்டத் தொடங்கினேன். அத்தை கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏம்ப்பா, நீ பாக்கறதும் தண்ணியில சாயத்த உடற வேலதானாமே?" பதில் சொல்ல முடியாமல் டீயைக் குடித்து முடித்தேன்.

2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எங்கள் பக்கத்திலும் எல்லோருக்கும் கிலி. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்றதும் ஒவ்வொரு லிட்டருக்கும் விலை வந்துவிட்டது. ஒரு நாள் முதலாளியே கூப்பிட்டு, "அந்த நொதி மருந்து இன்னும் கிடைக்குதுங்களா?" என்றார். பத்துப் பதினைந்து வருஷமாக மேஜை டிராயரில் கிடந்த அதே சோதனைச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

நொதி ஒன்றே ஆற்றைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. மெழுகையும் பெக்டினையும் எடுக்கும் நொதி துணியை வெள்ளையாக்காது, அடர்ந்த நிறங்களுக்குத்தான் அது போதும். வெளிர் நிறத்துக்கு இன்றும் பெராக்சைடு வேண்டும். சாயம் ஏற லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறோமே, அந்த உப்பை எந்த நொதியும் எடுக்காது. ஆனால் குறைத்திருக்கக் கூடிய காஸ்டிக்கையும் தண்ணீரையும் நாங்கள் பத்துப் பதினைந்து வருஷம் குறைக்காமல் இருந்தோம். வழி தெரியாமல் அல்ல, தண்ணீருக்கு யாரும் பில் போடாததால்.

அந்த டிராயரைத் திறந்து முதலாளியிடம் இன்னொரு தடவை பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆயா வேட்டி ஊறிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினார். எங்கள் பட்டறைத் தண்ணீரை ஊற்ற எங்கள் வளாகத்தில் ஒரு செடிகூட இருந்ததில்லை.