கூடத்தில் வளர்ந்த கச்சேரி

நசரத்பேட்டை வழியாக இன்று போவது பெங்களூர் நெடுஞ்சாலை. கண்டெய்னர் லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் இரவு பகல் ஓயாத சாலை. மேற்கே திருமழிசை, கிழக்கே பூந்தமல்லி. காஞ்சிபுரம், வாலாஜாபேட்டைப் பக்கத்திலிருந்து சென்னப்பட்டணத்துக்கு வந்தவர்கள் காலங்காலமாக இந்தத் திசையில்தான் நுழைந்திருக்கிறார்கள். பூந்தமல்லியில் தெற்கே திரும்பிக் குன்றத்தூர்ப் பக்கம் போனால், சில கிலோமீட்டரில் கோவூர். அங்கே சுந்தரேஸ்வரர் கோயில் இருக்கிறது. இன்று அதைப் புதன் தலமென்று சொல்லி, கிரகப் பரிகாரத்துக்காக வருகிறவர்களே அதிகம். சங்கீதத்துக்காக அதைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வரவேண்டிய காரணம் வலுவாகவே இருக்கிறது.

தியாகராஜர் (1767–1847) திருவையாற்றை விட்டு அதிகம் வெளியே போனவரல்ல. எழுபது வயதை ஒட்டி ஒரே ஒரு நெடும்பயணம் செய்தார். காஞ்சிபுரத்திலிருந்து உபநிஷத் பிரம்மம் அழைத்திருந்தார். வாலாஜாபேட்டையில் சீடர் வெங்கடரமண பாகவதர் காத்திருந்தார். திருப்பதிக்கும் போய்விட்டு தியாகராஜர் பட்டணம் வந்தபோது, ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில் தன் வீட்டில் தங்கவைத்தவர் கோவூர் சுந்தரேச முதலியார். அந்த வீட்டுக் கூடத்தில் தேவகாந்தாரி ராகத்தை தியாகராஜர் நாள் கணக்கில் பாடினார் என்பது சங்கீத உலகம் இன்றும் சொல்லும் கதை. எத்தனை நாள் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. ஒரே ராகத்தை அடுத்தடுத்த நாட்களில் கேட்க ஒரு சிறு கூட்டம் தயாராக இருந்தது என்ற நம்பிக்கைதான் அந்தக் கதையின் உயிர்.

முதலியார் தன்மேல் ஒரு பாட்டுப் பாடச் சொன்னதாகவும், மனிதரைப் பாடுவதில்லை என்று தியாகராஜர் மறுத்ததாகவும், பிறகு தம் ஊர்க் கோயிலுக்காவது வரவேண்டுமென்று முதலியார் அழைத்ததாகவும் சொல்வார்கள். அப்படிக் கிடைத்தவைதான் கோவூர் பஞ்சரத்னம். பந்துவராளி, சஹானா, கரஹரப்பிரியா, கல்யாணி, சங்கராபரணம் என்று ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள். திருவையாற்று ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும் கனராக பஞ்சரத்னத்தின் முழக்கம் இவற்றில் இல்லை. ஒருவர் பாட நாலு பேர் அருகில் உட்கார்ந்து கேட்பதற்கு ஏற்ற அளவு இவற்றுக்கு. சஹானாக் கீர்த்தனையை நிதானமாகப் பாடக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

அன்றைய சங்கீதம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருந்தது. அரண்மனைக் கொலு, கோயில் மண்டபம், பஜனை மடம், செல்வந்தர் வீட்டுக் கூடம் ஆகியவையே மேடைகள். டிக்கெட் கிடையாது. பாடுகிறவரின் எதிரில் இருந்தவர்களில் பாதிப் பேர் தாங்களே பாடத் தெரிந்தவர்கள். தியாகராஜரின் வாழ்நாளில் ஐரோப்பாவில் ஹைடனும் பீத்தோவனும் பிரபுக்களின் அறைகளுக்காக நால்வர் வாசிக்கும் தந்தி வாத்திய இசையை எழுதிக்கொண்டிருந்தார்கள். பீத்தோவன் தியாகராஜரைவிட மூன்றே வயது இளையவர்.

இந்த இரண்டு உலகங்களும் சந்தித்த இடம் வடசென்னை என்பது பலருக்குத் தெரியாது. மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. மணலி சின்னய்யா முதலியார் அவர்களைப் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசை கேட்க அழைத்துப் போனார். மகன்களில் இளையவர் பாலுஸ்வாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்றார். மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லித்தரும் உருப்படிகள் அவை. வயலினோ அப்படியே இங்கே தங்கி, கர்நாடகக் கச்சேரியின் பிரிக்கமுடியாத பக்கவாத்தியமாகிவிட்டது.

ஆண்டுதோறும் இசைக்கென்று கூடும் வழக்கமும் டிசம்பர் சீசனுக்கு வெகு முன்பே பட்டணத்தில் இருந்தது. திருவொற்றியூரோடு தொடர்புடைய வீணை குப்பய்யர், தியாகராஜரின் நேர்ச்சீடர். நாராயணகௌளையில் அவருக்கிருந்த வல்லமையால் அந்த ராகமே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. சித்திரா பௌர்ணமி உற்சவத்தைக் கச்சேரிகளோடு நடத்தியவர் அவர். மகன் திருவொற்றியூர் தியாகய்யரும் அந்த வழியில் வந்தவர். பக்தி, விருந்து, இசை மூன்றும் ஒன்றாக நடந்த விழா அது. வித்வான்களுக்கு அது ஒருவரையொருவர் கேட்கும் நாளுமாகும்.

கூடக் கச்சேரி தன் உச்சத்தைத் தொட்ட இடத்தைச் சொல்லச் சொன்னால், தயக்கமில்லாமல் ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவைச் சொல்லலாம். வீணை தனம்மாள் (1867–1938) வீடு அங்கேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பார். அழைப்பிதழ் இல்லை, விளம்பரம் இல்லை. தெரிந்தவர்கள் வந்து பாயில் உட்காருவார்கள். வீணையை மீட்ட விரலில் கம்பிச் சுருள் மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. தனம்மாள் அதைத் தொடாமல் வெறும் விரலாலேயே மீட்டினார். நாதம் மெல்லியதாக எழும். கூடவே தாமும் பாடுவார். யாராவது இருமினாலோ செம்பை நகர்த்தினாலோ ஒரு கமகம் காணாமல் போய்விடும். அதனால் அந்த அறையில் மௌனம் சட்டமாக இருந்தது. பெயர்பெற்ற வித்வான்களே வந்து வாய் திறக்காமல் கேட்டுப் போனார்கள்.

அவர் வாசித்தவற்றில் க்ஷேத்ரஞ்ஞர் பதங்களுக்குத் தனி இடம் உண்டு. கண் தெரியாத பால்தாஸ் நாயுடுவிடம் அவற்றைக் கற்றார். தீட்சிதர் கீர்த்தனைகள் சாத்தனூர் பஞ்சநதய்யரிடமிருந்து வந்தன. தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகள் அந்த வீட்டோடு நெருங்கிய உறவு கொண்டவை. பதம் என்பது மெல்ல நகர்வது. ஒரு சொல்லை நாலு விதமாக வளைத்து, அர்த்தத்தைக் கேட்பவர் மனதில் படியவிடுவது. பெரிய மைதானத்தில் அது எடுபடாது. சிறிய அறையும் பொறுமையுள்ள காதுகளும் இருந்ததால்தான் அந்தப் பாணி தலைமுறை தாண்டியது. பேத்திகள் பிருந்தா, முக்தா குரலிலும், மற்றொரு பேத்தி பாலசரஸ்வதியின் அபிநயத்திலும் பின்வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். தேவதாசி மரபில் வந்த ஒரு பெண், கண்பார்வை மங்கிய வயதிலும், பணக் கஷ்டத்திலும், தன் இசையின் அளவைக் குறைத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டு இசை வரலாற்றில் அந்தக் கூடத்துக்கு எந்த அரங்கத்தைவிடவும் குறைந்த மரியாதை தரக்கூடாது.

வெளியே காலம் மாறிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா வந்துவிட்டது. ஆதரவு தருவது ஒரு முதலியாரின் கையிலிருந்து பல சந்தாதாரர்களின் கைக்கு மாறியது. 1927 டிசம்பரில் சென்னையில் டாக்டர் அன்சாரி தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, கூடவே அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை, கோர்ட்டு மூடியிருக்கும் நாட்கள், வெயில் தணிந்த மார்கழி எல்லாம் பொருந்திவர, டிசம்பர் சீசன் நிலைத்தது. 1943-ல் தமிழிசைச் சங்கம் வந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டு எங்கே என்ற நியாயமான கேள்வி அதன் பின்னால் இருந்தது.

மைக் வந்ததைக் குறை சொல்வது எளிது. அது வருமுன் பந்தலின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று உச்ச சுருதியில் பாடியவர்கள் தொண்டையைப் பலி கொடுத்தார்கள். மைக் வந்ததும் கீழ் ஸ்தாயியில் நின்று நுணுக்கமாகப் பாடுவது ஆயிரம் பேருக்கும் சாத்தியமாயிற்று. முக்கியமாக, முதலியார் வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவர்களும் டிக்கெட் வாங்கியோ வானொலியைத் திருப்பியோ கேட்க முடிந்தது. அந்த ஜனநாயகத்தை யாரும் கைவிடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இழப்பும் உண்டு. வீணைக்கு ஒட்டு மைக் வைத்த பிறகு அதன் குரலே மாறியது. மிருதங்கத்தின் சத்தம் ஏற, தம்புரா மறைந்தது. விளம்ப காலப் பதத்துக்குக் கச்சேரியின் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பெரிது என்றாயிற்று.

இதை உணர்ந்தவர்கள் சென்னையில் இல்லாமல் இல்லை. மைலாப்பூர் பக்கம் நூறு பேர் உட்காரும் சிறு அரங்குகளிலும் வீட்டு மாடிகளிலும் மைக் இல்லாத கச்சேரிகள் நடக்கின்றன. பாடகரின் மூச்சு கேட்கிறது, மீட்டும் விரல் தெரிகிறது. ஆனால் அவையும் நகரின் அதே நாலு தெருக்களுக்குள்ளேயே சுற்றுகின்றன. நசரத்பேட்டையிலோ ஆவடியிலோ குடியிருப்பவர் மார்கழி மாலையில் கச்சேரி கேட்டுவிட்டு வீடு திரும்ப, நெரிசலைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது.

மேற்குப் புறநகரில் இப்போது கல்லூரிகள் இருக்கின்றன, பாட்டு வகுப்புகள் இருக்கின்றன, பிள்ளைகளை வயலின் பெட்டியோடு ஸ்கூட்டரில் ஏற்றிப் போகும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். கோவூர் பஞ்சரத்னம் ஐந்தையும் ஒரு மணி நேரத்தில் நிதானமாகப் பாடி முடிக்கலாம். ஒரு தம்புரா, ஒரு வயலின், ஒரு மிருதங்கம் போதும். இந்தப் பக்கத்துப் பாட்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு அந்த ஐந்தையும் சொல்லித்தர வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாலையாவது, மைக் இல்லாமல், அவை பிறந்த கோயிலிலேயே அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து பாட வேண்டும்.