கணினிக்கு ஈசி போட்ட கதை

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் பக்கமும் திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியும் உள்ள டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்காரர்களில் கொஞ்சம் பழைய ஆட்களுக்கு ‘நியூ ஃபோல்டர்’ வைரஸ் மறந்திருக்காது. பார்க்க மஞ்சள் ஃபோல்டர். உண்மையில் ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்ட புரோகிராம். பத்திர நகல் எடுக்க வந்தவரின் பென் டிரைவிலிருந்து கடை மெஷினுக்கு ஏறும். அங்கிருந்து அடுத்தவர் பென் டிரைவுக்கு. டாஸ்க் மேனேஜரைத் திறக்கப் போனால், நிர்வாகி அதை முடக்கி வைத்திருப்பதாகச் செய்தி வரும். கடையில் நிர்வாகி என்றால் முதலாளிதான். அவருக்கே அந்தச் செய்தி!

ஆன்டிவைரஸ் பிடிக்கும், அழிக்கும். கரண்ட் போய் வந்து மெஷின் எழுந்தால் அதே ஃபோல்டர் மறுபடி உட்கார்ந்திருக்கும். “ஃபார்மட் அடிச்சிடலாம்ணே” என்பார் சர்வீஸ் தம்பி. அடித்த கையோடு அதே பென் டிரைவைச் செருகுவார்கள்.

அழித்தது எப்படித் திரும்பி வருகிறது? எண்ட்பாயிண்ட் மானிட்டரிங் (ஒவ்வொரு கணினியிலும் நடப்பதைக் கண்காணிப்பது) என்று இன்று பெரிய கம்பெனிகள் விற்கும் சரக்கின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆன்டிவைரஸ் தொழில் வேறு கேள்வியில் தொடங்கியது: இந்த ஃபைலின் முகம் தெரிந்த முகமா? சென்னையின் கே7 கம்ப்யூட்டிங் 1991-இல் தொடங்கிய காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. தானாக எழும் இடங்கள் அப்போது குறைவு. 1986-இல் லாகூரில் பிறந்த ‘பிரெய்ன்’ வைரஸ் ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் குடியிருந்தது. டாஸ் மெஷினில் ஆட்டோஎக்ஸெக் என்ற ஒரே ஃபைலைத் திறந்து படித்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

1995-இல் விண்டோஸ் 95 வந்தது. ரெஜிஸ்ட்ரிக்குள் ‘ரன்’ என்ற பட்டியல். அதில் பெயர் எழுதிவிட்டால் மெஷின் எழும்போதெல்லாம் அந்தப் புரோகிராமும் எழும். பிறகு சர்வீஸ்கள், நேரம் குறித்து ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க்குகள், பிரவுசர் ஒட்டுகள் என்று இடங்கள் பெருகின. எல்லாமே நல்ல காரியத்துக்கு வந்தவை. தமிழில் அடிக்க உதவும் என்ஹெச்எம் ரைட்டர் காலையில் தானாக எழுந்து நிற்பதும் இப்படி ஒரு வசதியால்தான். அதனால், பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எதையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. சிக்கல் அங்கேதான்.

மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இரு அமெரிக்கர்கள் 1996-இலிருந்து விண்டோஸின் உள்வேலைகளைக் காட்டும் சிறு கருவிகளை இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். ஃபைல்மான், ரெக்மான் வரிசையில் வந்தது ‘ஆட்டோரன்ஸ்’. மெஷின் எழும்போது எவையெவை கூடவே எழுகின்றன என்று மூலைமுடுக்கெல்லாம் தேடி ஒரே திரையில் கொட்டும். வைரஸின் முகம் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவர்களின் கம்பெனியை வாங்கிக்கொண்டது. என் கணக்கில், ஆன்டிவைரஸ் கம்பெனிகள் கேட்கத் தவறிய கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டது இப்படிப்பட்ட ரிப்பேர்காரர் கருவிகள்தான்.

ஆனால் ஆட்டோரன்ஸ் பட்டா மாதிரி. இன்றைக்கு இடம் யார் பேரில் இருக்கிறது என்பதைச் சொல்லும். யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதியில் கைமாறியது என்று அறிய வில்லங்கச் சான்று, அதாவது ஈசி, வேண்டும். திண்டிவனத்தில் அரை கிரவுண்ட் வாங்குகிறவர்கூட ஈசி போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் தருவதில்லை. கணினிக்கு அப்படி ஒன்று வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 2013-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் ஆன்டன் சுவாக்கின் இந்த வகைக் கருவிகளுக்கு ஒரு பொதுப்பெயர் வைத்தார். அது இன்று இடிஆர் (எண்ட்பாயிண்ட் டிடெக்ஷன் அண்ட் ரெஸ்பான்ஸ்) என்று சுருங்கிவிட்டது. 2014 ஆகஸ்டில் ருசினோவிச்சும் தாமஸ் கார்னியேவும் ‘சிஸ்மான்’ வெளியிட்டார்கள். எந்தப் புரோகிராம் எதைத் தொடங்கியது, எது வெளியே பேசியது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். 2016-இல் ரெஜிஸ்ட்ரி மாற்றங்களையும் எழுதத் தொடங்கியது.

உதாரணத்துக்கு ஒரு கடை மெஷினின் பதிவு இப்படி இருக்கலாம். 11:04:17, எக்ஸ்ப்ளோரர் பென் டிரைவிலிருந்து ஒரு புரோகிராமைத் தொடங்கியது. 11:04:19, அந்தப் புரோகிராம் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தன் நகலை எழுதியது. 11:04:20, ரன் பட்டியலில் அந்த நகலின் முகவரியைச் சேர்த்தது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரண வேலைகள். புதிய மென்பொருளை நிறுவும்போதும் இவை நடக்கும். பென் டிரைவில் வந்த ஒன்று, யாரையும் கேட்காமல், மூன்று நொடிக்குள் மூன்றையும் செய்தால் விவகாரம் வேறு. மானிட்டரிங் மென்பொருள் தேடுவது இந்தத் தொடர்ச்சியைத்தான். அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘அட்டாக்’ அட்டவணையில் இன்று, தாக்குகிறவர் உள்ளே நுழைவது ஒரு பத்தி, நுழைந்தபின் நிலைத்துக் குடியிருப்பது தனிப் பத்தி.

இதெல்லாம் ஜெராக்ஸ் கடைச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஓர் அறிக்கை விட்டது: தங்கள் கணினி அமைப்பில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் சொல்லிவிட்டது. கூடங்குளம் தொடர்பான விவகாரம் அது. கிருமி ஏறியது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவரின் கணினியில். உலையை இயக்கும் வலைப்பின்னல் தனி. ‘டிட்ராக்’ என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட அந்த வகை நிரலுக்கு உடைப்பதைவிட ஒற்று வேலையில்தான் ஆர்வம்: தட்டும் எழுத்துகள், பிரவுசர் வரலாறு, ஃபைல் பட்டியல். அதற்குப் பல நாள் தங்க வேண்டும். தங்க, ஒவ்வொரு காலையும் எழ வேண்டும்.

2022 ஏப்ரலில் செர்ட்-இன் நிறுவனங்களுக்கு இட்ட உத்தரவில் 180 நாள் பதிவுகளை வைத்திருக்கச் சொன்னது, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் புகாரும் தரச் சொன்னது. இரண்டு மெஷின் வைத்துப் பிழைக்கும் கடைக்கு அதெல்லாம் எட்டாத தூரம். சிஸ்மான் போட்டாலும் அந்தப் பதிவை உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும். பட்டாவாவது கையில் இருக்கட்டும் என்றால் வழி உண்டு. புதிதாக விண்டோஸ் போட்ட அன்று ஆட்டோரன்ஸை ஓட்டிப் பட்டியலைச் சேமித்து வைப்பது. சந்தேகம் வரும் நாளில் மறுபடி ஓட்டி, ‘கம்பேர்’ கொடுப்பது. புதிதாக முளைத்த வரிகளைப் பச்சை நிறத்தில் காட்டிவிடும். கால் மணி நேர வேலை. ஃபார்மட்டுக்குக் கூலி தருகிற முதலாளிகள், பட்டியலைப் பார்த்து ஒரே ஒரு வரியை நீக்கியதற்கும் அதே கூலியைத் தருவார்களா என்பதுதான் சர்வீஸ் தம்பிகளின் சந்தேகம்.