சுள்ளியும் சந்தையும்

ஏழையின் அடுப்பே காடுகளை விழுங்குகிறது என்னும் குற்றச்சாட்டை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். 1975-இல் அமெரிக்க ஆய்வாளர் எரிக் எக்ஹோம், விறகுத் தட்டுப்பாட்டை ‘மற்றோர் எரிசக்தி நெருக்கடி’ என்று அழைத்தார். அச்சம் உலகெங்கும் பரவியது. பிந்திய ஆய்வுகளோ வேறொன்றைக் காட்டின. நகரங்களை அடுத்த சில இடங்களில் கரிக்காகக் காடு அழிந்தது உண்மையே. ஆனால் சிற்றூர்களில் எரிந்தவற்றுள் பெரும்பகுதி வயலோர மரங்களின் கிளைகளும் காய்ந்த சுள்ளிகளுமே.

உலகில் வெட்டப்படும் மரத்தில் ஏறத்தாழப் பாதி விறகாகிறது. ஆயினும் அதில் மிகச் சிறு பங்கே நாடு கடந்து விற்பனையாகிறது. ஆகவே பன்னாட்டு மரவிலையை ஏற்றி இறக்கும் வலிமை அந்த அடுப்புகளுக்கு இல்லை.

அவ்வலிமை வேறோர் உலைக்கு உண்டு. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு இலக்கு வகுத்தது. அதன்பின், மரத்தூளை அழுத்திச் செய்த எரிகட்டிகள் அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து கப்பல் கப்பலாய் ஐரோப்பிய மின்நிலையங்களுக்குச் சென்றன. காகித ஆலைகளும் பலகை ஆலைகளும் நாடும் மரத்தூளுக்கும் சிறுமரத்துக்கும் போட்டி மூண்டது. 2022-இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய மரத்துக்கு ஐரோப்பா தடை விதித்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் எரிகட்டியின் விலை ஓராண்டுக்குள் இருமடங்கைத் தாண்டிற்று.

சுள்ளி பொறுக்கும் தாயின்மேல் பழி சுமத்துமுன், விலையை ஏற்றுவது எந்த உலை என நாம் கேட்பதே நீதியாகும்.