ஆதித்யா-எல்1 விண்கலம் எல்1 புள்ளியில் நிலைகொண்டிருப்பது ஏன்? ஈர்ப்பு விசையும் காந்தப்புலமும் சொல்லும் காரணம்

இந்தியாவின் முதல் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-ஆம் தேதி எல்1 புள்ளியைச் சுற்றியுள்ள ஒளிவட்டப் பாதையை அடைந்தது. புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனை நோக்கிய திசையில் உள்ளது இப்புள்ளி. சூரியனுக்கும் புவிக்கும் இடையிலான 15 கோடி கிலோமீட்டரில் இது நூற்றில் ஒரு பங்கு மட்டுமே.

சூரியன், புவி ஆகிய இரண்டின் ஈர்ப்பு விசையும் சமமாகும் இடமே எல்1 எனப் பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. அவ்விரண்டும் சமமாகும் இடம் புவியிலிருந்து சுமார் 2.6 லட்சம் கிலோமீட்டரிலேயே வந்துவிடும். சூரியனுக்கு அருகில் செல்லச் செல்ல, ஒரு பொருள் அதனைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் குறையும். எல்1 புள்ளியில் புவியின் ஈர்ப்பு, சூரியனின் இழுப்பைச் சற்றே குறைக்கிறது. அதனால் அங்குள்ள கலம் புவியை முந்திச் செல்லாமல், அதனுடன் இணைந்தே ஓராண்டில் சூரியனைச் சுற்றி வருகிறது. குறைந்த எரிபொருளில் அங்கு நீடிக்கவும், கிரகணத் தடையின்றிச் சூரியனைக் காணவும் இயல்கிறது.

அந்த இடத்தின் பயன் காந்தப்புலம் சார்ந்தது. சூரியன் வெளியேற்றும் பிளாஸ்மா மேகங்கள் தமக்கெனக் காந்தப்புலத்தைச் சுமந்து வருகின்றன. அது தெற்கு நோக்கி இருந்தால், வடக்கு நோக்கிய புவியின் காந்தப்புலத்துடன் பிணைந்து ஆற்றல் உட்புக வழிவிடுகிறது. வடக்கு நோக்கி இருந்தால் பாதிப்பு பெரிதும் குறைவு. மேகம் புறப்படும்போது இத்திசையை உறுதியாகக் கணிக்க இயலாது. எல்1 பகுதியைக் கடக்கும்போதுதான் நேரடியாக அளக்க முடிகிறது. அங்கிருந்து புவியை அடைய அம்மேகத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமே ஆகும். செயற்கைக்கோள்களையும் மின்தொகுப்புகளையும் காக்கக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவே. 1989 மார்ச் 13-ஆம் தேதி காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது.

இத்தகைய அளவீட்டில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1859 செப்டம்பரில் வீசிய மாபெரும் காந்தப் புயலின்போது, மும்பை கொலாபா ஆய்வகத்தில் காந்தப்புலத்தின் கிடைக்கூறு சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது பதிவானது. அப்புயலின் தீவிரத்தை மதிப்பிட ஆய்வாளர்கள் இன்றும் அப்பதிவை நாடுகின்றனர். மும்பைக்கு மின்சார டிராம்கள் வரவிருந்த நிலையில், அளவீடுகள் பாதிக்கப்படாதிருக்க அப்பணி 1904-இல் அலிபாகுக்கு மாற்றப்பட்டது.

ஆதித்யாவுக்கும் அதே சிக்கல்தான். கலத்தின் மின்கருவிகளே காந்தப்புலத்தை உண்டாக்குவதால், அதன் காந்தமானி உணரிகள் 6 மீட்டர் நீளக் கம்பத்தில், ஒன்று முனையிலும் மற்றொன்று நடுவிலுமாகப் பொருத்தப்பட்டுள்ளன. இரண்டின் அளவீடுகளையும் ஒப்பிட்டு, கலத்தின் சொந்தக் காந்தத்தின் பங்கு கழிக்கப்படுகிறது.